சாப்பாட்டுக்கு முன்

காலை எட்டு இருபதுக்கு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலிருந்து போன் வந்தது. பேசியவர் என் மகனோடு பூ எடை போடுகிறவர். "அக்கா, தம்பி வேர்த்துக் கொட்டி மயங்கிட்டாப்ல. சர்பத் குடுத்ததும் முழிச்சுட்டாப்ல. பதறாதீக."

பதறாமல் எப்படி இருப்பது? அவனுக்குச் சர்க்கரை வந்து சில வருடங்களாகின்றன. பூ கொட்டிக் கிடக்கும் இடத்தில் சாமிக்குப் போகிற பூ என்று எங்கள் ஆட்கள் செருப்போடு நிற்க மாட்டார்கள். சில வாரங்களுக்கு முன் அப்படி வெறுங்காலோடு நின்றபோது, மரத்துப்போன காலில் சுண்டுவிரலுக்குக் கீழே கம்பித் துண்டு ஏறியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. புண்ணாகிவிட்டது. திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் கூட்டி எழுதினார். காலையில், சாப்பாட்டுக்கு முன்.

அவனுக்குக் காலை விடியுமுன்னே தொடங்கிவிடும். மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போதே மாத்திரையைப் போட்டுக்கொள்வான். வெளியூர் வேன்களில் மல்லிகையை ஏற்றிவிட்டுத்தான் இட்லி. அதற்குப் பத்து மணிகூட ஆகும்.

விழுந்த பயத்தில் அவன் மாத்திரையையே நிறுத்திவிட்டான். "யாவாரத்துல நாலு பேரு முன்னாடி விழுந்து கெடக்கச் சொல்றியாம்மா?" முகூர்த்த மாதம் வேறு, ஒரு நாள்கூட ஓய்வில்லை. சர்க்கரை ஏறியது. புண்ணில் சீழ் வைத்தது.

திரும்பவும் அதே டாக்டரிடம் போனோம். எழுதிக்கொண்டே கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடுறதில்ல, அப்படித்தானே?"

"போட்டா மயக்கம் வருது சார்."

"அதெல்லாம் வராது."

கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. புண்ணுக்கு இன்னும் வீரியமாக ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று சீட்டை நிரப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "படிச்சவங்களா இருக்கீங்க, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" என்றார்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் சாமி படத்தில் வாடாத மல்லிகைச் சரம் தொங்கியது. அது காலையில் அவர் அறைக்கு வந்து சேர, யாரோ எத்தனை மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு எடை போட்டிருக்க வேண்டும்? அதை யோசிக்காதவர்தான் என் பிள்ளையை ஒழுங்கில்லாதவன் என்றார்.

சுண்டுவிரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாதத்தையே எடுத்துவிடுவார்களோ என்று கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். மதியம்தான் சர்ஜன் வந்தார். கட்டைப் பிரித்து, குனிந்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்தார்.

"விரல் தங்காதும்மா. பாதத்தைக் காப்பாத்திரலாம்" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, காலையில நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"