இஸ்திரிக்குப் போகாத சட்டைகள்

முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு அக்கா தள்ளுவண்டியில் இஸ்திரி போடுவார். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் யோசிக்காமல் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

நான் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். அந்த வருடத் தொடக்கத்தில் எங்களுக்கு மேல்தளத்தில் இருந்த குழுவை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் குழுவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருந்தது. இனிமேல் சிக்கனம் என்று வீட்டில் நானோ மனைவியோ அறிவிக்கவில்லை. ஏ.சி. ரிமோட்டில் இருந்த பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. தயிர் பாக்கெட் வாங்குவது நின்றது. மகளின் நீச்சல் வகுப்பு அடுத்த கோடைக்குத் தள்ளிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரிக்குக் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை நானே அவிழ்த்தேன்.

“இதுல என்னங்க பெருசா மிச்சமாகப் போகுது?” என்றாள் மனைவி.

“பார்ப்போமே.”

அவள் மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவளுக்கும் அதே பயம்தான் என்று புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த அக்காவின் கண்ணில் படாமல் பின்பக்க கேட் வழியாக பைக்கை எடுத்தேன். பத்து நாள் ஓடியது. ஒரு காலையில் பின் கேட் பூட்டியிருந்தது. மாட்டிக்கொண்டேன்.

“இன்னா சார், உங்க ஊட்டுத் துணியே வர்ல? எதுனா கருக்கிட்டேனா?”

“அதெல்லாம் இல்லக்கா. புது அயர்ன் பாக்ஸ் வாங்கிட்டோம்.”

“அந்தாண்ட பிளாக்ல அஞ்சு ஊட்ல இதையேதான் சொன்னாங்க. அல்லாரும் ஒரே மாசத்துல பொட்டி வாங்கிக்கீறீங்க.”

குத்தலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவர் வீட்டுக்காரர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூன்று மாதமாக ஓவர்டைம் கிடையாதாம். சனிக்கிழமைகளில் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“நீங்க படிச்சவரு, பெரிய ஆபீஸ்ல கீறீங்க. சொல்லுங்க சார், இதெல்லாம் எப்போ சரியாவும்?”

அடுத்த மாதம் எனக்கு வேலை இருக்குமா என்றே எனக்குத் தெரியாது. ஆனால் படித்தவன் என்று சொல்லிவிட்டாரே. “ரெண்டு மாசத்துல எல்லாம் பழையபடி ஆகிடும்க்கா” என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினேன்.

அடுத்த வாரம் காய் வாங்கப் போன மனைவி, பையை இறக்கி வைக்காமலேயே கேட்டாள்.

“இஸ்திரி அக்காவை ஆஸ்பத்திரியில ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் கூப்பிட்டாங்களாம். இவங்கதான் வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு மாசத்துல துணி வந்துடும்னு நீங்க சொன்னீங்களாமே?”

செருப்பைக்கூட மாட்டாமல் கீழே போனேன்.

“அக்கா, அன்னைக்கு நான் சும்மா சொல்லிட்டேன். எப்போ சரியாகும்னு எனக்குத் தெரியாது. புது அயர்ன் பாக்ஸும் வாங்கல. வேலை போயிடுமோன்னு பயந்துதான் துணி போடறதை நிறுத்தினோம்.”

பயம் என்ற அந்த வார்த்தையை அதுவரை மனைவியிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் கையிலிருந்த பெட்டியைச் செங்கல் மேல் வைத்தார்.

“பொட்டி வாங்கலன்னு தெரியும் சார். உங்க காலரைப் பாத்தாலே தெரிதே. ஆனா ரெண்டு மாசம்னு சொன்னதை நம்பிட்டேன்.”

என் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். அந்த இடத்துக்கு முந்தின நாளே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். வேறு இடம் காலியானால் கூப்பிடுவதாகப் பேரை எழுதிக்கொண்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த துணியை விரித்தார்.

அதன் பிறகு தினமும் முன் கேட் வழியாகத்தான் போனேன். “போன் வந்துச்சாக்கா?” என்று கேட்பேன். “வர்ல சார்” என்பார். என் வேலையைப் பற்றிய கவலையோடு இதுவும் சேர்ந்துகொண்டது. நாலாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை மதிய ஷிஃப்டுக்கு வரச் சொன்னார்கள். இப்போது காலையில் மட்டும் வண்டி நிற்கிறது.

எங்கள் குழுவில் இரண்டு பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். நான் தப்பினேன். அன்று சாயங்காலம் மனைவியிடம் இத்தனை மாதப் பயத்தையும் கொட்டினேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, “நான் ரெண்டு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். சொன்னா இன்னும் பயந்துடுவீங்கன்னு சொல்லல” என்றாள்.

ஜூனில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் இப்போது இரண்டு சம்பளம். ஆனாலும் அலுவலகத்தில் திடீரென்று மீட்டிங் என்று செய்தி வந்தால் வேலை போகப்போகிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.