ஈப்போக்காரியிடம் கற்ற சொல்

பூவம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஆ லான் அவரைக்காய் உரித்தாள்.

மலாயாவில் ஈப்போ பக்கம் வேலைக்குப் போன வெங்கடப்பன், 1952-ல் நாகரசம்பட்டிக்குத் திரும்பியபோது இந்தச் சீனப் பெண்ணையும் கூட்டிவந்தான். "ஜப்பான்காரன்கிட்டேருந்து என்னக் காப்பாத்துன கூட்டாளியோட தங்கச்சி. இனிமே எனக்கும் தங்கச்சிதான்" என்றான். ஊர் சிரித்தது. மனைவி பூவம்மாள் சிரிக்கவில்லை. வந்தவள் தனக்கு நாத்தனாரா, சக்களத்தியா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆ லானுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வந்தது. அதனால் பூவம்மாள் அவளுடைய கான்டனீஸ் சீனப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். சோறு, தண்ணீரைக் கையால் காட்டிவிடலாம். நிஜத்தை எப்படிக் காட்டுவது? தன் கூந்தலை இழுத்துக் காட்டினாள். "ஜன்" என்றாள் ஆ லான். ஆணியில் தொங்கிய சவுரியைக் காட்டினாள். "கா." அது நிஜம், இது பொய். மணி திரண்ட அவரைக்காயை அழுத்தி, "ஸட்" என்றாள் ஆ லான், உள்ளே கெட்டி என்று. சுவரில் விழுந்த நிழல் ஜன்னா, காவா என்று பூவம்மாள் கேட்டபோது இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி, அந்தப் பாஷையக் கத்துகினு ஈப்போவுல கடை வெக்கப் போறியா?" என்றாள் பக்கத்து வீட்டு நாராயணம்மா.

"வூட்டுக்குள்ள ஒரு நாயம் கேக்கணும்க்கா."

பொங்கல் வந்தது. கூடப்பிறந்தவளுக்குப் புடவையும் மஞ்சளும் தேங்காயும் வைத்து அண்ணன் தன் கையால் சீர் தர வேண்டும். ஒருமுறை கொடுத்து வாங்கிவிட்டால், அப்புறம் அந்த உறவை மாற்ற முடியாது. பூவம்மாள் தட்டை நிரப்பினாள்.

"ஏங்க, வந்து உங்க கையால குடுங்க."

"இப்ப இன்னா அவசரம்? மாட்டக் குளிப்பாட்டிகினு இருக்கேன்" என்று தொழுவத்திலிருந்து குரல் வந்தது. போன பொங்கலுக்கும் இப்படி ஏதோ ஒரு வேலை வந்திருந்தது.

பூவம்மாள் தட்டோடு உள்ளே போய் ஆ லான் எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணன், தங்கச்சி" என்றாள். அந்த இரண்டு சொல்லும் ஆ லானுக்குத் தெரியும். "ஜன்?" என்று கேட்டாள் பூவம்மாள்.

தட்டை வாங்கியிருந்தால் போதும், ஊர் வாய் அடைபட்டிருக்கும். ஆ லான் புடவையைத் தொடவில்லை.

"கா" என்றாள். குரல் தணிந்திருந்தது, தடுமாறவில்லை.

இந்த வீட்டில் ஒருத்தியாவது கேட்டதற்குப் பதில் சொன்னாளே என்றுதான் பூவம்மாளுக்கு முதலில் தோன்றியது. கோபம் பிறகு வந்தது, அதுவும் தொழுவத்துப் பக்கமாக.

"யக்கா, நான் போவட்டா?" என்று ஆ லான் தமிழில் கேட்டாள்.

பூவம்மாள் எழுந்தாள். அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே தொழுவத்துக்குப் போனாள்.