கூட்ஸுக்கு வழிவிட்ட ரயில்பஸ்

ஜனகராஜ் கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். வீடு மதுரையில், மஹால் பக்கம். வீட்டில் சௌராஷ்ட்ரம், ஸ்டோரில் தமிழ், ரயில்வேக்கு எழுதும் மனுவில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷை வைத்திருந்தார். மூன்றிலும் பேசியது ஒரே விஷயம்: ரயில்பஸ் ஏன் லேட்?

ரயில்பஸ் என்பது பஸ்ஸுக்கு ரயில் சக்கரம் மாட்டியது மாதிரி இரண்டே பெட்டி. தொண்ணூற்றொன்பதில் மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே விட்டார்கள். தொடங்கிவைத்த பெரியவர் மாலையும் கழுத்துமாக, "இனி இருபதே நிமிடம்" என்றார். அவர் காரில் வந்து காரில் போனவர். அவருக்கு இருபது நிமிடம்தான்.

மற்றவர்களுக்கு இருந்தது ஒற்றைத் தண்டவாளம். தூத்துக்குடி நிலக்கரியும் உரமும் அதில்தான் வரும். பொட்டலுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில்பஸ்ஸை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கூட்ஸை முன்னால் விடுவார்கள். நிலக்கரி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா? மனுசனுக்கு அப்படி என்ன அவசரம்?

மூன்று வருஷத்தில் ஜனகராஜ் முப்பத்தேழு மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. "அவுங்களைக் குத்தம் சொல்லாதீங்க. மனுவும் ரயில்பஸ்லதான் போகுதோ என்னமோ" என்றாள் மனைவி பத்மாசினி.

இரண்டாயிரத்திரண்டு ஆனி மாசம், ஒரு சாயங்காலம். மதுரைக்குத் திரும்பிய ரயில்பஸ் வழக்கம்போல் அந்தச் சின்ன ஸ்டேஷனில் ஒதுங்கியது. எதிர் சீட்டில் ஷாஹீதா என்ற நிறைமாதப் பெண், பக்கத்தில் அவள் புருஷன் முபீன். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வலி எடுத்துவிட்டது.

ஜனகராஜ் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினார்.

"பின்னாடி கூட்ஸ் வருது. அது மதுரை போய்ச் சேர்ந்தப்புறம்தான் உங்க வண்டி."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம் வச்சுக்கங்க."

ரோட்டுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் கருவேலங்காடு. ஆட்டோ வராது. "யா அல்லா" என்று முபீன் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் கூட்ஸ் வந்து, சிக்னலுக்காக நடுத் தண்டவாளத்தில் நின்றது.

"சார், இதுவும் மதுரைக்குத்தானே? இதுதானே முதல்ல போகும்?"

"ஆமா. மதுரை கன்ட்ரோல் ரூம் ஆர்டர்."

"அப்ப இந்தப் பொண்ண இதுல ஏத்துங்க."

"கூட்ஸ்ல ஆள் ஏத்தக் கூடாதுய்யா. ரூல் இருக்கு."

"நிலக்கரின்னு எழுதிக்கங்க சார்!"

கடைசிப் பெட்டியில் கார்டு அழகுமலை பச்சைக் கொடியோடு நின்றிருந்தார். ஜனகராஜ் ஜல்லியில் தடுக்கித் தடுக்கி முன்னால் ஓடினார். பின்னால் ஷாஹீதாவை முபீன் ஒரு பக்கமும், ரயில்பஸ்ஸில் வந்த பூக்காரம்மா ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அழகுமலை அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"என் வேலைக்கு உலை வைக்கிறீகளேண்ணே" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். வாக்கி டாக்கியில் டிரைவரிடமும் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் என்ன நினைத்தாரோ, உள்ளே போய் மதுரைக்கு போன் போட்டு ஆம்புலன்ஸ் கேட்டார்.

கார்டு பெட்டி இரும்பு டப்பா. தூக்கித் தூக்கிப் போட்டது. பூக்காரம்மாவின் மடியில் தலைவைத்து ஷாஹீதா முனகினாள். எல்லாவற்றுக்கும் ஒரு குத்தல் வைத்திருக்கும் ஜனகராஜ் அன்று வேண்டாத சாமி இல்லை. கதவோரம் உட்கார்ந்து, வரும் சிக்னல் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தார். தன் மகள் இந்துப்ரியா பிறந்த அன்றுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

வழியெல்லாம் பச்சை விளக்கு. பதினேழே நிமிடத்தில் மதுரை.

"எப்பவும் இப்படித்தான் போகுமா?" என்று கேட்டார் ஜனகராஜ்.

"தெனமும் இப்படித்தாண்ணே" என்றார் அழகுமலை.

ஆஸ்பத்திரிக்குப் போன அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகுதான் ரயில்பஸ் மதுரைக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஜனகராஜுக்கு ரயில்வேயிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. கடைசியில் பதில் போட்டுவிட்டார்கள் என்று பூரித்துப் பிரித்தார். சரக்கு வண்டியில் அனுமதியின்றிப் பயணம் செய்தது ஏன், ஏழு நாளில் விளக்கம் தரவும் என்று இருந்தது. 'நேரத்துக்குப் போய்ச் சேர' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினார்.

அழகுமலைக்கும் மெமோ வந்திருந்தது. அதைக் கேள்விப்பட்டதும் ஜனகராஜுக்குச் சோறு இறங்கவில்லை. விசாரணை நாளில் லீவு போட்டுவிட்டு, முபீன், ஷாஹீதா, குழந்தை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். அதிகாரி கவலையோடு முதலில் கேட்டது, "கூட்ஸ் எவ்வளவு லேட்?"

"அஞ்சு நிமிசம் சார்" என்றார் அழகுமலை.

அதிகாரி நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது, நிறுத்துவதாக இல்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு கேஸை மூடி, எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

இரண்டாயிரத்து நாலில் ரயில்பஸ்ஸை நிறுத்தினார்கள். மக்கள் ஆதரவு இல்லையாம். ஜனகராஜ் டவுன் பஸ்ஸுக்கு மாறினார். மறு வருஷம் ஒரு காலை, பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியில் அழகுமலை. ஜனகராஜ் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கை ஆட்டினார். அழகுமலைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அண்ணே! புள்ள எப்படி இருக்கா?"

"எல்கேஜில சேத்துட்டாங்க!" என்று ஜனகராஜ் கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.