மாட்டுப் பொடிக்காரருக்கு மாடென்றால் பயம்

அவரை எல்லாரும் பொடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கறவை மாடுகளுக்கு மூலிகைப் பொடி விற்பது தொழில். வெந்தயம், சீரகம், முருங்கையிலை, தண்ணீர்விட்டான் கிழங்கு எல்லாவற்றையும் மனைவி காயவைத்துக் கொடுப்பாள். அவளே அரைத்தும் கொடுப்பாள். "பால் ஊறும், பருவம் தவறாது" என்று வாய் வலிக்கப் பேசி விற்பது அவர் பங்கு. ஆனால் அந்தப் பேச்செல்லாம் வாசலுக்கு வெளியேதான். பதினோரு வருடத்தில் ஒரு மாட்டைக்கூட அவர் தொட்டதில்லை. மாடு தலையை ஆட்டினாலே, "அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் பால்காரம்மாவிடம் வசமாக மாட்டிக்கொண்டார். அவளுடைய செவலைப் பசு கன்று போட்டு ஏழு மாதமாகியும் சினைப் பருவத்துக்கு வரவில்லை.

"அண்ணே, உங்க பொடியை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. உள்ள வந்து நீங்களே கலந்து வைங்க."

"பக்குவத்தைச் சொல்றேன், எழுதிக்கங்கம்மா."

"எழுதி வச்சா மாடு படிக்குமா?"

வேறு வழியில்லாமல் பொடிக்காரர் உள்ளே போய்த் தவிட்டில் பொடியைக் கொட்டி, தொட்டியைக் கம்பால் பசுவின் பக்கம் தள்ளினார். பசு குனிந்து பலமாக ஒரு மூச்சு விட்டது. பொடி மொத்தமும் அவர் முகத்தில். கண் தெரியாமல் அவர் நின்றபோது, சொரசொரவென்று ஏதோ தாடையிலிருந்து நெற்றிவரை ஏறியது. பசு நக்கிக்கொண்டிருந்தது. பயத்தில் வியர்வை ஊற்ற, அது இன்னும் ருசித்து நக்கியது.

"உப்பு கேக்குது போல" என்றாள் பால்காரம்மா.

மறுநாளிலிருந்து தவிட்டில் ஒரு கை உப்பும் சேர்த்தாள். பசு தொட்டியை வழித்துத் தின்றது.

இருபது நாள் கழித்து அடுத்த பொட்டலத்தோடு போனவர், ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினார். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஸ்கூட்டர் மேல் போட்டது. கண்ணாடி நொறுங்கியது. பொடிக்காரர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நின்றபடி மனைவிக்குப் போன் செய்தார்.

"மாடு வண்டிமேல ஏறுது. கொல்லப் பாக்குது."

ஆட்டோ பிடித்து வந்த மனைவி, அறுந்த கயிற்றை ஒரே எட்டில் பிடித்தாள். "இறங்குங்க. அதுக்குப் பருவம் வந்திருக்கு, அதான் கத்துது, கண்டதுமேல ஏறுது. இது கூடத் தெரியாமலா இத்தனை வருஷம் பொடி வித்தீங்க?"

அவர் இறங்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து சினை ஊசி போட்டு, பசுவைக் கொட்டகையில் கட்டிய பிறகுதான் இறங்கினார்.

மூன்று மாதத்தில் சினை உறுதியானது. "பொடியாலயா டாக்டர்?" என்று பால்காரம்மா கேட்டாள்.

"பொடியோ, உப்போ, நல்லாத் தின்னதோ, மாட்டைத்தான் கேக்கணும்" என்றார் டாக்டர்.

பால்காரம்மா மாட்டையெல்லாம் கேட்கவில்லை. பொடியால்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்று கயிறு பிடித்த கையைப் பார்த்தவர்கள் மனைவியைத்தான் வரச் சொன்னார்கள். இப்போது அவள் வண்டியில் போய், கொட்டகைக்குள் நுழைந்து, தானே கலந்து வைத்துவிட்டு வருகிறாள். பொடிக்காரர் வீட்டில் தும்மிக்கொண்டே அரைக்கிறார். அரைக்கும் இயந்திரம் முட்டாது, நக்காது என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி.