டயல் கண்ணாடியில் ஒரு பொட்டு

கிள்ளானில் பழைய சாமான் விற்கும் கடையில், மேசைமேல் இருந்த இரண்டு வால்வு ரேடியோக்களில் எதை வாங்குவது என்று வெகுநேரம் நின்றிருந்தேன். கடைக்காரர் இரண்டாவதன் சுவிட்சைப் போட்டதும், வால்வுகள் மெல்லச் சூடேறி, உள்ளே படிந்த தூசு கருகும் வாசனை எழுந்தது.

அந்த வாசனைக்குள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில், ரயில் போகும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி அதிரும் எங்கள் வீடு, அப்பா சிற்றலையில் செய்தி தேடும் மாலைகள், முள் நகர நகரக் கடல்போல் வரும் இரைச்சல். ஆயுத பூஜைக்கு அம்மா, அப்பாவின் ஸ்பேனர்களோடு ரேடியோவுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைப்பாள். ஒருமுறை அந்தப் பொட்டு டயல் கண்ணாடியில் சரியாக நாங்கள் கேட்கும் ஸ்டேஷன்மேல் விழுந்ததால், ஆண்டு முழுக்க முள்ளைப் பொட்டுக்குத்தான் திருப்பினோம். மறு ஆண்டு துடைத்துவிட்டு ஒரு விரல் தள்ளி வைத்துவிட்டாள். ஒரு வாரம் ஸ்டேஷன் கிடைக்காமல், அப்பா கூரைமேல் ஏறி ஏரியல் கம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். "பொட்டுக்குத்தாங்க திருப்பினேன்" என்று அம்மா கீழிருந்து சத்தியம் செய்தாள்.

"மொத ரேடியோவ எடுங்க அண்ணே, பளிச்சுன்னு இருக்குலா. இதுல பாருங்க, கண்ணாடில ஏதோ செவப்புக் கறை. வேணும்னா தொடச்சித் தரேன்" என்றார் கடைக்காரர்.

"தொடைக்காதீங்க பாஸ். இதையே எடுத்துக்கிறேன்."

யார் வீட்டு ஆயுத பூஜையோ. முள்ளை மெதுவாக அந்தச் சிவப்புக்கு நகர்த்தினேன். இரைச்சல் மட்டும்தான் வந்தது.

அம்மா மறுபடியும் தள்ளி வைத்துவிட்டாள்.