கடைசி பஸ்ஸை விட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா காலமாகி ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர் ஒருவர் எழுதி அனுப்பிய இரங்கல் உரையில், அக்காவைப் "பொறுமையே உருவானவர்" என்று குறிப்பிட்டிருந்தார். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அந்த வரியை நான் அடித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சதுரங்கம் ஆடுகிறவர்கள் எல்லோரும் பொறுமைசாலிகள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அக்காவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் சொல்கிறேன், பொறுமை என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. அடுப்பில் வைத்த பால் பொங்கும்வரைகூட நின்ற இடத்தில் நிற்க மாட்டார். எனக்கும் அதே குணம்தான். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது தேன்கனிக்கோட்டையில். அப்பா அங்கே ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் குமாஸ்தாவாக இருந்தார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பஸ்ஸின் பின்னால் பொருத்தியிருக்கும் பாய்லரில் அடுப்புக்கரியைக் கொட்டி, கண்டக்டர் கைப்பிடியைச் சுற்றோ சுற்று என்று சுற்றி, வாயு சேர்ந்து எஞ்சின் உறுமுவதற்குள் ஓசூர் போகிற பிரயாணிகளுக்குப் பாதி உயிர் போய்விடும். அவர்களுடைய பொழுதுக்காக அப்பாவின் ஆபீஸில் ஒரு சதுரங்கப் பலகை இருந்தது. மரக் காண்ட்ராக்டர்களும் காட்டிலாகாக்காரர்களும் துண்டை விரித்துப்போட்டு ஆடுவார்கள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் அக்கா, தூக்கை வைத்துவிட்டு அங்கேயே நின்று பார்ப்பார். ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"யானைய இந்தப் பக்கம் எடுத்துக்கோங்க மாமா, இல்லாட்டி குதிர போயிடும்."

குதிரை போயிற்று. அதற்குப் பிறகு அக்காவும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

அந்த ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் முடியும் முன் பஸ்ஸுக்கு எழுந்து போகிறவர் தோற்றவர். என்ன நிலையில் இருந்தாலும் சரி, எழுந்தால் தோல்விதான். இந்தச் சட்டத்தால் அக்கா வேகமாக ஆடக் கற்றுக்கொண்டார். கண்டக்டர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினால் இவர் கை பறக்கும். உட்கார்ந்தெல்லாம் ஆடமாட்டார்; நின்றபடி ஆடுவார், எதிரில் இருப்பவர் யோசித்தால் வெளியே போய்ப் பஸ்ஸைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு காண்ட்ராக்டர், பெண்பிள்ளையிடம் தோற்றேன் என்று பேர் வரக் கூடாது என்ற வீம்பில் எழுந்திருக்காமல் பஸ்ஸை விட்டார். அந்த ஆட்டத்தில் தோற்று, அடுத்த பஸ் வருவதற்குள் அக்காவிடம் மறுபடியும் தோற்றார்.

பிறகு அப்பாவுக்கு ஓசூருக்கு மாற்றலாயிற்று. ஓசூருக்கு வந்தால் பெங்களூர் பக்கம்தானே. அங்கே ஒரு மாதர் சங்கம் வருடா வருடம் பெண்களுக்குச் சதுரங்கப் போட்டி வைப்பதாக அப்பா கேள்விப்பட்டு, அக்காவையும் துணைக்கு என்னையும் அழைத்துப்போனார். வக்கீல் வீட்டுப் பெண்கள், அதிகாரிகளின் மனைவிமார்கள் நடுவே அக்கா ஓசூர்ச் சந்தையில் வாங்கிய சேலையோடு போய் நின்றார். ஆரம்ப ஆட்டங்களை ஊதித் தள்ளினார். கடைசி ஆட்டம் பசவனகுடியிலிருந்து வந்த ஒரு டாக்டரின் மனைவியோடு. பசவனகுடி அம்மா என்றுதான் இன்றும் நாங்கள் அவரைச் சொல்கிறோம்.

அந்த ஆட்டத்தில் அவர் அக்காவின் ராஜாவை நெருக்கிவிட்டார். அக்கா கொஞ்சமும் கவலைப்படாமல் ராஜாவைத் தூக்கி, குதிரை தாவுவதுபோல ஒரு தாவு தாவ வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். எங்கள் பக்கத்து ஆட்டத்தில் அது உண்டு. அதுவரை ஒரு செக்கும் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். பெங்களூரில் அவர்கள் ஆடியது சர்வதேச விதி. அதில் ராஜா தாவுவதாவது! திரும்பி வந்தால் அக்காவைச் சுற்றி ஒரே சிரிப்பு. தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும் என்றார்கள். ராஜாவை நகர்த்தினார், அடுத்த நகர்விலேயே ஆட்டம் முடிந்தது. சிரிக்காதவர் பசவனகுடி அம்மா ஒருவர்தான். அவர் அக்காவைத் தனியே உட்கார வைத்து, எங்கள் ஆட்டத்துக்கும் அவர்கள் ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அக்கா உட்கார்ந்து கேட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மறு வருடம் அதே அம்மாவைத் தோற்கடித்து அக்கா கோப்பையை வாங்கினார். அதற்கு அடுத்த வருடமும் அவரேதான். பத்திரிகையில் 'ஓசூர்ப் பெண் சாம்பியன்' என்று போட்டார்கள். பஸ்ஸில் டிரைவர்கள் அக்காவுக்கு முன் ஸீட்டை ஒதுக்கி வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் தயங்கினார்கள். கடைசியில் கிருஷ்ணகிரிக்கு அப்பால் நாகரசம்பட்டியில், மாந்தோப்பு உள்ள நல்ல குடும்பத்தில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளைக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, அக்காவின் கோப்பைகளைப் பார்த்ததில் ஒரே பெருமை. அக்காவின் மாமியார், நானும் அத்தை என்றே அழைப்பவர், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"போவட்டும், ஆடட்டும். ஆனா ராத்திரிக்கு ஓசூர்ல அவங்கப்பா வூட்டுக்கு வந்துடணும். வெளியூர்ல தங்கற பேச்சே வேணாம்."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. போட்டி நடக்கும் நாட்களில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். காலையில் பெங்களூர் பஸ், மாலையில் கடைசி பஸ்ஸில் ஓசூர். இப்படியே கல்யாணத்துக்குப் பிறகும் கோப்பை எங்கள் பக்கமே வந்துகொண்டிருந்தது.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த வருடம் அது. பஸ்ஸில் ஏறினாலே ஓசூர் எந்தப் பக்கம் என்று சண்டை. அத்திப்பள்ளி தாண்டும்வரை கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் காது கிழியும். அந்த வருடப் போட்டியின் கடைசி ஆட்டம் வழக்கம்போல அக்காவுக்கும் பசவனகுடி அம்மாவுக்கும். மறுநாள் நாகரசம்பட்டியில் குலதெய்வத்துக்குப் பொங்கல். பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். அந்த வீட்டில் மூத்த மருமகள்தான் அடுப்பில் பானையை ஏற்ற வேண்டும். அக்காதான் மூத்த மருமகள். கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓசூர் வந்து, விடியற்காலையில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினால்தான் போய்ச் சேர முடியும்.

ஆட்டம் முடிகிற வழியாக இல்லை. பசவனகுடி அம்மா நிதானமாக யோசித்து ஆடுகிறவர். அக்கா வாசலுக்கும் பலகைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பொழுது சாய்ந்ததும் சங்கத்தார் வந்து, மிச்ச ஆட்டத்தை நாளைக் காலையில் தொடரலாம் என்று நிறுத்திவிட்டார்கள். அக்காவிடம் ஒரு சிப்பாய் அதிகம். எனக்கே தெரிந்தது, அது ஜெயிக்கிற ஆட்டம். பசவனகுடி அம்மாவுக்கு எங்கள் பஸ் கதை தெரியும். அவர் கன்னடத்தில் அன்பாகவே சொன்னார்: சமம் என்று முடித்துக்கொள்வோம், கோப்பை இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும், நீங்கள் ஊருக்குக் கிளம்புங்கள் என்று.

அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏன்டி, பாதியில பஸ்ஸுக்கு எழுந்து போனா தோத்தாப்பல தானே?"

"ஆமாக்கா."

"நாளைக்குப் பொங்கலுடி. அத்தை வாசலப் பாத்துக்கினே இருப்பாங்க."

"இருக்கட்டும். ஜெயிக்கற ஆட்டத்த எதுக்குச் சமம் பண்ணணும்? நீ தங்கு. நானும் கூட இருக்கேன்."

இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அக்கா உள்ளே போய், "இல்லைங்கம்மா, நாளைக்கு ஆடலாம்" என்றார். நான் ஓடிப்போய் ஓசூர் பஸ் கண்டக்டரிடம் அப்பாவுக்குத் தகவல் சொல்லியனுப்பினேன். பஸ் எங்களை விட்டுப் புறப்பட்டுப் போனது. நாங்கள் எங்கே தங்குவது என்று விழித்துக்கொண்டு நிற்க, பசவனகுடி அம்மாவே எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார். மறுநாள் காலை அக்கா அவரை ஜெயித்தார்.

தோற்ற மனுஷி என்ன செய்தார் தெரியுமா? டாக்டரிடம் சொல்லிவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். கல்யாணமான பெண் வெளியூரில் தங்கினாள் என்றால் புகுந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும். ஓசூரில் இறங்கி, கிருஷ்ணகிரிக்கு மாறி, நாகரசம்பட்டி வந்து சேர்ந்தபோது பொங்கல் படைத்து முடிந்து பங்காளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைக்குத் தாய்வீடு அஞ்செட்டி பக்கம், கன்னடம் சரளமாக வரும். பசவனகுடி அம்மா அவரிடம், உங்கள் மருமகள் நேற்று எங்கள் வீட்டில் என் பக்கத்தில்தான் இருந்தாள், தங்க வேண்டி வந்ததற்கு என் ஆட்டம்தான் காரணம், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். அத்தை அவரைக் கையைப் பிடித்து அழைத்து, இலை போட்டு, தாமே பரிமாறினார். ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. அவரை வண்டி கட்டிக் கிருஷ்ணகிரி வரை கொண்டுவிடச் சொன்னார். வண்டி தெருத் திரும்பிய பிறகுதான் அக்கா பக்கம் திரும்பினார்.

"மருமவ இருக்கற வூட்டுல பங்காளிங்க முன்னாடி பானைய நான் ஏத்தினேன். போதும்மா. இனிமே பெங்களூரு வேணாம்."

"சரிங்க அத்தை."

அவ்வளவுதான். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தோப்பைப் பார்த்தார். அக்கா ஒரு சண்டை போடுவார், ஒரு அழுகையாவது அழுவார் என்று எதிர்பார்த்தேன். கோப்பையையும் தம் சதுரங்கப் பலகையையும் பரண்மேல் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட குடிக்காமல் ஊர் திரும்பினேன். பெங்களூரில் அடுத்த வருடம் வேறு ஒருவர் சாம்பியன் ஆனார். பசவனகுடி அம்மாவும் அந்த வருடம் ஆடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு அக்கா நடந்தார். மாந்தோப்பில் காலையிலும் நடை, மாலையிலும் நடை. வேலை இல்லாவிட்டாலும் கிணற்றடிக்குப் போய் வருவார். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை, அதைப் பற்றிப் பேசியவர்கள் நிறையப் பேர், நான் பேசப்போவதில்லை. திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிருஷ்ணகிரி டாக்டர் பரிசோதித்து, இருதயம் கெட்டிருக்கிறது, இனிப் படுக்கையை விட்டு எழவே கூடாது என்றார். எங்கள் அக்காவையா! அந்த உத்தரவைக் கேட்டு அக்கா சிரித்தது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அக்காவின் நோயில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கூப்பிட்ட போதெல்லாம் வந்து பார்த்த டாக்டருக்கும், தோப்பு வேலையை விட்டுவிட்டுக் கட்டிலோடு அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன நாகரசம்பட்டித் தோழர்களுக்கும், மருந்துகளைக் கைப்பொறுப்பாகக் கொண்டுவந்து சேர்த்த பஸ் டிரைவர், கண்டக்டர்களுக்கும் எங்கள் நன்றி. காரியத்தன்று வந்து மூலையில் உட்கார்ந்து அழுத பசவனகுடி அம்மாவுக்கு எந்த மொழியில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி நன்றி அத்தைக்கு. நான் இப்படி எழுதுவேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள், ஆகையால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவைப் பார்த்துக்கொள்ள நான் நாகரசம்பட்டியில் தங்கியிருந்தேன். படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு விரல்களை ஆட்டிக்கொண்டே இருப்பார் அக்கா. அதை அத்தை சில நாட்களாகக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் பரண்மேல் ஏறிப் பலகையை இறக்கி, தூசி தட்டிக் கட்டில்மேல் வைத்தார்.

"இந்தா. வெளையாடு."

"யார்கூட அத்தை?"

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்கூடத்தான். எந்தக் காயி எப்படிப் போவும்னு சொல்லு" என்றார்.

அந்த வயதில் அவர் கற்றுக்கொண்டார். தினமும் மத்தியானம் ஆட்டம். தினமும் அத்தைதான் தோற்பார். அக்காவுக்குக் காயை எடுக்கக்கூட கை எழாத நாட்களில், வாயால் சொல்லச் சொல்ல அக்காவின் காயையும் அத்தையே நகர்த்தித் தாமே தோற்பார். கடைசி வாரத்தில் ஒருநாள், அத்தை பாதிக் கிண்டலும் பாதி ஆற்றாமையுமாகக் கேட்டார்.

"ஒரே ஒரு ஆட்டம் எனக்கு விட்டுக் குடுத்தா என்னா கண்ணு?"

அக்கா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"ஆட்டத்துல எப்படி அத்தை விட்டுக் குடுக்கறது? அதான் வூட்டுல விட்டுக் குடுத்துட்டேனே."

கோபமாகச் சொல்லவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காய்களை மறுபடியும் அடுக்கினார்.

இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, இதை எழுதலாமா கூடாதா என்று எனக்குப் பெரிய குழப்பம். நாகரசம்பட்டி போய் அத்தையிடமே கேட்டேன். பங்காளிகள் கைக்கெல்லாம் இந்த மலர் போகும், ஊரே படிக்கும் என்றும் சொன்னேன்.

"அவ சொன்னத ஒரு எழுத்து கொறைக்காம எழுது" என்றார் அத்தை. "பொங்கலன்னிக்கு நான் என்னா சொன்னேன்னும் எழுது. எல்லாரும் படிக்கட்டும்."

எழுதிவிட்டேன்.