கிளியம்மாள் கொண்டுவந்த டப்பா

சேலையூர் கிளியம்மாள் யாரையும் நம்பமாட்டாள். தண்ணீர் லாரி வந்தால், அறுபது வயதிலும் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் குழாயைச் சொருக விடுவாள். நெல் விளைந்த நிலத்தில் மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறாள். குடியிருப்பவர்கள் பார்ப்பதற்கு முன்பே அவள் கரண்ட் மீட்டரைப் பார்த்திருப்பாள். அப்படிப்பட்டவள் கண்ணில்தான் மருமகள் ஓவியாவின் மாத்திரை டப்பா பட்டது. அதுவும் லேபிளைக் கிழித்த டப்பா. கேட்கவா வேண்டும்?

தாம்பரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் கவுன்சிலர். எச்.ஐ.வி. உள்ளவரோடு குடும்பம் நடத்துகிறவருக்கு அது தொற்றாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை உண்டு. விழுங்கினால் மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கொரு முறை வந்து ரத்தம் கொடுக்கவேண்டும். தொற்று ஏதும் இல்லையே, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். வராமல் டிமிக்கி கொடுப்பவர்களைப் போனில் பிடித்து இழுப்பது என் பிழைப்பு. ஓவியாவை ஒருநாளும் நான் இழுத்ததில்லை, தானாக வந்துவிடுவாள்.

நோய் அவள் புருஷன் சிட்டிபாபுவுக்கு. கிளியம்மாளின் ஒரே பிள்ளை, மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் தன்னுடைய மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அடங்கிவிட்டால் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏனோ இன்னும் அடங்கவில்லை. அதுவரை ஓவியாவுக்கு அந்த டப்பாதான் காவல். அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று இருவருக்கும் பேச்சு.

மாமியாருக்கு வேறு கணக்கு. பேரப்பிள்ளை இல்லை, மருமகள் ஒளித்துவைத்து மாத்திரை போடுகிறாள், வேறென்ன, கர்ப்பத்தடைதான். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாளாம். ஓவியா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா அத்த" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிறந்த வீட்டாரை வரச்சொல்லி அவளை அனுப்பிவைப்பது என்று முடிவாயிற்று. சிட்டிபாபு பக்கத்திலேயே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தானாம். ஓவியா இதைப் போனில் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான் என்று கேட்டேன். அவர் பாவம் மேடம் என்றாள். பாவமாம்!

மறுநாள் காலை கிளியம்மாள் என் மேசைமுன் வந்து நின்றாள். முன்னொரு முறை ஷேர் ஆட்டோவில் மருமகளுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து இடத்தைப் பார்த்துவைத்திருக்கிறாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"கேட்ட ஒடனே ஆமான்னுட்டா. தப்பு பண்ணவ அப்டி ஒத்துக்க மாட்டா. இது இன்னா மாத்திரன்னு நீ சொல்லு."

ஒப்புக்கொண்டதைக்கூட நம்பாத மனுஷி! யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று நான் யாரிடமும் சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணின் வாழ்க்கை தெருவுக்கு வரும். உட்காரச் சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய் ஓவியாவைப் போனில் கூப்பிட்டேன். என்னைப்பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவரைப்பற்றி ஒரு வார்த்தை வேண்டாம் என்றாள்.

திரும்பி வந்து சொன்னேன். "இது குழந்தை வேணாம்னு போடற மாத்திரை இல்லம்மா. ஒரு நோய் வராம தடுக்கற மாத்திரை. ஓவியாவுக்கு எந்த நோயும் கிடையாது."

"வராம..." என்று இழுத்தாள். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: யாரிடமிருந்து வராமல்? அவள் கேட்கவில்லை. சுவரில் புருஷன் பெண்டாட்டி படம் போட்டு ஒட்டியிருந்த எச்.ஐ.வி. போஸ்டரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, மேசையைப் பிடித்தபடி எழுந்து போனாள். வழியில் சாக்கடையில் வீசிவிடுவாளோ என்று எனக்குப் பயம். சாயங்காலம் ஓவியா போன் செய்தாள். டப்பா இருந்த இடத்துக்கே வந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவேண்டாமாம். ஏன் என்று அத்தை வாய் திறக்கவில்லையாம்.

அடுத்த தடவை ஓவியா ரத்தம் கொடுக்க வந்தபோது கிளியம்மாளும் கூடவே வந்தாள். ஊசியைத் தன் கண்ணெதிரில்தான் உறையிலிருந்து பிரிக்கவேண்டும் என்று ரகளை செய்தாள். முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, ஓவியா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"இவ தெனம் கரெக்டா போட்றா, நான் பாத்துகினுதான் கீறேன். எம்புள்ள அவனுத போட்றானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதையும் என்னால் சொல்ல முடியாதும்மா என்றேன்.

"நீ சொல்லாத. எங்க ஒளிச்சி வெச்சிகினு கீறான்னு மட்டும் எனக்குத் தெரியும். இன்னிலேர்ந்து அவன் முழுங்கறத நான் நின்னு பாக்கறேன்."